எழுதும் பொருள் எங்கே உளது?

(அடி அண்ணாமலையில் கூடிய நம் சங்கத்து மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



 யாம் பெரும்புலவர் அல்லேம். ஆண்டு பலவாகப் பள்ளியில் தமிழ் கற்பித்து, சிறார் எழுதும் கட்டுரைகளைச் சிவப்பு மையால் திருத்தி வரும் ஓர் ஆசிரியரே. ஆதலின் இன்று யாம் பேசப் புகுவதும் அக்கட்டுரைகளைப் பற்றியதே. "கட்டுரை எழுதுக, கதை புனைக, பாட்டு இயற்றுக என்று ஆசிரியர் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றார், அதற்கு வேண்டும் பொருளை நாங்கள் எங்கே சென்று தேடுவது?" என்று மாணாக்கர் நாள்தோறும் எம்மை வினவுகின்றனர். அவ்வினா நியாயமானது. அதற்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

இவ்வாண்டு நம் சங்கம் சிறார்க்கென ஒரு கட்டுரைப் போட்டி நடத்தியதை யாவரும் அறிவீர்கள். 'எங்கள் ஊர்' என்பது கொடுத்த தலைப்பு. விரும்புவோர் படமும் வரைந்து சேர்க்கலாம் என்று அறிவித்திருந்தனர். நாற்பதுக்கு மேற்பட்ட கட்டுரைகள் எம்மிடம் வந்தன. இரண்டு இரவுகள் இருந்து அவற்றைப் படித்தோம். முதற் கட்டுரை, "எங்கள் ஊர் ஓர் அழகிய ஊர்" என்று தொடங்கிற்று. இரண்டாவதும் அவ்வாறே தொடங்கிற்று. பத்தாவதை எடுத்தபோது யாம் படியாமலே முதல் வரியைச் சொல்ல வல்லேமாயினோம். சுற்றிலும் பசுமையான வயல்கள், இடையே சலசலவென்று ஓடும் ஆறு, கரையிலே தென்னஞ்சோலை, சோலையிலே கூவும் குயில் என எல்லாக் கட்டுரையிலும் ஒரே ஊர் இருந்தது.

அன்பர்களே, செய்யாறும் தென்பெண்ணையும் நம் மாவட்டத்துக்குரிய ஆறுகளே. பெண்ணைக்குச் சாத்தனூரில் 1958-ஆம் ஆண்டில் அணையும் முடிந்தது. ஆயினும் அடி அண்ணாமலைத் தெருவோரமாக ஆறு சலசலத்து ஓடியதை யாம் ஒருநாளும் கண்டிலோம். நீங்கள் கண்டதுண்டோ? இல்லாத ஆற்றை எழுதிய சிறார், 2,668 அடி உயர்ந்து வாயிலுக்கு நேரே நிற்கும் மலையைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை.

படங்களைப் பார்த்தபோது எம் வியப்பு மிகுந்தது. பலரும் மலையை வரைந்திருந்தனர். ஆனால் மலைக்கு முன்னே கிருஷ்ணதேவராயர் தொடங்கிவைத்த 217 அடி இராஜகோபுரத்தையும் நிறுத்தியிருந்தனர். அது கிழக்கே திருவண்ணாமலை நகரில் நின்று பார்ப்பவர்க்குத் தோன்றும் காட்சி. நாட்காட்டிகளிலும் அஞ்சலட்டைகளிலும் அச்சாகும் காட்சி. நாமோ மலைக்கு மேல்பால் வாழ்பவர்கள். நம் வாயிலில் நின்று நோக்கினால் மலையின் வடிவு வேறு, அதன் மடிப்பு வேறு. காலையில் கதிரவன் மலையைக் கடந்து மேலே வரும்வரை மலையின் நிழல் நம் தெருவில் கிடக்கும். நகரத்தார்க்கோ அந்நிழல் மாலையில் வருவது. இந்த வேறுபாட்டை ஒரு சிறுவனும் வரையவில்லை. ஒரு சிறுமியும் எழுதவில்லை. நாள்தோறும் தம் கண்ணெதிரே நிற்கும் மலையை விட்டு, பிறர் கண்ட மலையை நம் பிள்ளைகள் வரைந்துவிட்டனர்.

இது சிறாருடைய குற்றமா? அன்று. இக்குற்றத்தில் எமக்குள்ள பங்கை முதற்கண் இவ்வவையில் ஒப்புக்கொள்ளக் கடவோம்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகட்கு முன், யாம் ஆசிரியப் பணி ஏற்ற புதிதில், ஒரு மாணவன் எம்மிடம் பயின்றான். 'உழைப்பின் உயர்வு' என்று ஒரு தலைப்புக் கொடுத்தோம். அவன் தன் தந்தை கிணறு வெட்டுவதை எழுதி வந்தான். கயிற்றைப் பிடித்துத் தந்தை உள்ளே இறங்குவதும், மேலே நிற்கும் தாய் குனிந்து குரல் கொடுப்பதும், பாறையிடுக்கில் ஈரம் கசியக் கண்ட தந்தை கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு அவ்விடத்தில் கையை வைத்துப் பார்ப்பதும் அதில் இருந்தன. 'ஊத்து' என்று அவன் எழுதியிருந்தான். யாம் அச்சொல்லைச் சுழித்து 'ஊற்று' எனத் திருத்தினோம், ஊற்றையோ கண்டிலோம். முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை, மேற்கோள் இல்லை என்று ஓரத்தில் எழுதிப் பத்துக்கு இரண்டு மதிப்பெண் இட்டோம். வகுப்பில் அதனை உரக்கப் படித்தும் காட்டினோம். பிள்ளைகள் நகைத்தனர். அடுத்த திங்கள் அவன் துணைநூலிலிருந்து ஒரு கட்டுரையைப் பெயர்த்தெழுதி வந்தான். அதற்கு ஏழு இட்டோம். அதன்பின் அவன் எழுதிய எதிலும் கிணறு வரவில்லை, தந்தையும் வரவில்லை. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றான். அவன் எழுதிய அந்த ஒரு பக்கத்தின் அருமை எமக்குப் புலப்படப் பல்லாண்டுகள் ஆயின. புலப்பட்டபோது அவன் எவ்வூரில் உளன் என்பதும் எமக்குத் தெரியாதாயிற்று.

சிறாருக்குப் பொருள் கிடைக்கவில்லை என்பது உண்மையன்று. கையில் கிடைத்த பொருள் எழுதத் தக்கதன்று என்று நாமே அவர்கட்குக் கற்பித்துவிட்டோம். இதனையே இன்று யாம் வலியுறுத்திக் கூற விழைகின்றோம்.

எழுதத் தக்கது எது என்பதை நம் முன்னோர் எவ்வாறு கருதினர் என்று பார்ப்போம். அதற்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. வருண லிங்கத்தைக் கடந்து வாயு லிங்கத்துக்குப் போகும் வலப்பாதையில், நம் ஊரிலேயே மணிவாசகப் பெருமானுக்கு ஒரு சிறு கோயில் உளது. அப்பெருமான் திருவண்ணாமலையில் அருளிச் செய்தனவாக வழங்குவன திருவெம்பாவையும் திருவம்மானையும். இருபது பாடல்கள் கொண்ட திருவெம்பாவையின் பொருள் யாது? மார்கழி விடியலில் ஊர்ப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி எழுப்புதலும், எழாதவளை எள்ளுதலும், கூடிச் சென்று நீராடுதலுமே அதன் புறக்கோலம். திருவம்மானையோ மகளிர் காய்களை மேலே எறிந்து பிடித்தாடும் ஆட்டத்தின் பாட்டு. திருவாசகத்தின் பிற பகுதிகளையும் எண்ணிப் பாருங்கள். திருப்பொற்சுண்ணம் சுண்ணம் இடிக்கும் பெண்களின் தொழிற் பாட்டு. திருப்பொன்னூசல் ஊஞ்சற் பாட்டு. திருச்சாழலும் திருத்தோணோக்கமும் மகளிர் ஆடல்கள். பாண்டியனுக்கு அமைச்சராயிருந்தவர் என்று போற்றப்பெறும் ஒருவர், தம் உள்ளத்திருந்த மிக உயர்ந்த பொருளைச் சொல்லுதற்குத் தெருப் பெண்களின் ஆட்டத்தையும் இடிப்பையும் நாடினார். அவை இழிந்தன என்று அவர் ஒதுக்கினாரல்லர். அவ்வாறு பிறந்த திருவெம்பாவையின் பெயர் கடல் கடந்து, சயாம் நாட்டு அரசவைப் பார்ப்பாரின் சடங்கொன்றில் 'திரியெம்பாவை' என்று இன்றும் வழங்குகின்றது. இங்கே ஊர்ப் பெண்கள் விடியலில் எழுப்பிய குரல் பாங்காக்கு வரையிலும் சென்றது என்றால், நம் தெருவில் எழுதத் தக்கது ஒன்றுமில்லை என்று எவர் சொல்லத் துணிவார்?

இனி, நம் காலத்துக்கு அணிமையில் வாழ்ந்த தமிழ்ப் பேராசான் மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்களை எடுத்துக்கொள்வோம். 1855-இல் தோன்றி 1942-இல் மறைந்த அப்பெரியார், பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்தவர். அவர் கல்லாத தமிழ் நூல் இல்லை என்னலாம். அத்தகையவர் தம் முதுமையில், 1940 முதல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றை எழுதத் தொடங்கினார். அந்நூலின் முதல் அதிகாரத்துக்கு அவர் இட்ட பெயர் யாது? 'எங்கள் ஊர்' என்பதே! நம் சிறாருக்குச் சங்கம் கொடுத்த தலைப்பே அது. அங்கே அவர் ஊர்ப்பெயர் அறியாத பொதுப்படையான ஊரை வருணிக்கவில்லை. தாம் பிறந்த உத்தமதானபுரம் அப்பெயர் பெற்ற வரலாற்றை, வெற்றிலை போட்டுக்கொண்ட ஓர் அரசரின் கதையோடு சேர்த்துச் சொல்கின்றார். தம் இளமையில் அவ்வூர் எவ்வாறிருந்தது, பின்னர் எவ்வாறு மாறிற்று என்பதையும் சொல்கின்றார். அதனாலேயே இன்று படிப்பவரும் அச்சிற்றூரைத் தம் ஊர்போல் அறிகின்றனர். பெரும் புலமை அவரைத் தம் ஊரிலிருந்து விலக்கவில்லை. தம் ஊரை உள்ளவாறு சொல்லும் ஆற்றலையே அவர்க்குத் தந்தது.

ஆசிரியர்க்கும் இம்மலையிலேயே ஒரு பாடம் உண்டு. இங்கே ஒரு குகையில் வாழ்ந்தமையால் குகை நமசிவாயர் என்று பெயர் பெற்றவரையும், அவர் மாணாக்கராகிய குரு நமசிவாயரையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒருநாள் ஆசிரியர் ஒரு வெண்பாவின் முற்பாதியைச் சொல்லி நிறுத்த, மாணாக்கர் பிற்பாதியைச் சொல்லி முடித்தனர் என்றும், ஒரு தறியில் இரண்டு யானைகளைக் கட்டலாகாது என்று மகிழ்ந்த ஆசிரியர் அவரைத் தில்லைக்குப் போக விடுத்தனர் என்றும் கர்ணபரம்பரையாக ஒரு கதை வழங்குகின்றது. கற்பிப்போர் கருத வேண்டியது இது: பாதியைச் சொல்லி நிறுத்தத் தெரிந்தவரே ஆசிரியர். முன்னுரை முதல் முடிவுரை வரை முழுவதையும் நாமே சொல்லிவிட்டால் மாணாக்கனுக்குச் சொல்ல எஞ்சுவது யாது?

இனி, போட்டிக்கு வந்த கட்டுரைகளுள் ஒன்றைப் பற்றிச் சொல்லப் புகுகின்றோம். எழுதிய மாணவியும் அவள் தாயும் பெயர் கூறாது எடுத்துரைக்க இசைந்தனர். அக்கட்டுரை ஒன்றரைப் பக்கமே இருந்தது. முதல் ஐந்து வரிகளில் அழகிய ஊரும் ஆறும் வந்திருந்தன. அவ்வரிகளை அவளே கோடிட்டு அடித்திருந்தாள். அதன்கீழ், "எங்கள் அம்மா பூக்கட்டுகிறார்" என்று புதிதாகத் தொடங்கியிருந்தாள்.

முழுநிலா நாளில் மலையை வலம் வரும் மக்கள் பெருகுவார்கள்; 14 கிலோமீட்டர்ப் பாதையும் ஒரே தலைகளாயிருக்கும். அந்நாளுக்கு முந்திய நாளே உதிரிப்பூ வந்து இறங்குவதையும், வாழைநாரை நீரில் நனைத்து வைப்பதையும், தாய் பேசிக்கொண்டே கையைப் பாராமல் சரம் தொடுப்பதையும், நள்ளிரவில் கடைப் பலகையின் கீழ்ப் படுத்தபடி தான் நடப்பவர் பாதங்களை எண்ணியதையும், எண்ணிக்கொண்டே உறங்கிப்போனதையும் எழுதியிருந்தாள். இறுதியில் ஒரு வரி: "என் அம்மாவுக்குக் கை குட்டை. அதனால் ஒவ்வொரு முழத்துக்கும் நான்கு விரல் கூட்டி அளப்பார்."

அவ்வரியைப் படித்ததும் யாம் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டோம். நேர்மை என்னும் தலைப்பில் நூறு கட்டுரை திருத்தியிருக்கின்றோம். அவற்றுள் ஒன்றிலும் இந்நான்கு விரலைக் கண்டதில்லை.

அம்மாணவியை அழைத்து, "குழந்தாய், இப்பொருள் உனக்கு எவ்வாறு தோன்றிற்று?" என்று வினவினோம். அவள் கூறிய விடையே இவ்வுரைக்கு உயிர். "ஐயா, முதலில் துணைநூலைப் பார்த்து எழுதினேன். பிறகு அண்ணனுடைய கைப்பேசியில் கேட்டுப் பார்த்தேன். அதுவும் ஆறு என்றே சொல்லிற்று. எங்கள் ஊரில் ஆறில்லையே என்று எழுதாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஏன் சும்மா இருக்கிறாய், இந்த நாரைப் பிடி என்றார் அம்மா. நார் பிடித்துக்கொண்டிருக்கும்போது, ஒரு நாளைக்கு எத்தனை முழம் அம்மா என்று கேட்டேன். அம்மா விரல்விட்டு எண்ணினார். அப்போதுதான் அவர் அளப்பதைப் பார்த்தேன். பதினான்கு ஆண்டுகளாய்ப் பார்த்தும் அதுவரை பார்க்கவில்லை, ஐயா" என்றாள். பின்னர்த் தலைகுனிந்து, "கூட்டத்தில் இதைப் படிக்க வேண்டாம், பூக்கட்டுகிறவள் மகள் என்று பிள்ளைகள் சொல்வார்கள்" என்றும் கூறினாள்.

அன்பர்களே, பொருள் தேடும் மாணவர்க்குரிய இலக்கணம் முழுவதும் அச்சிறுமியின் விடையிலே அடங்கியிருக்கின்றது. அவள் தேடியவிடத்துப் பொருள் கிடைக்கவில்லை. தேடுதலை விட்டு ஒரு வேலையில் கைவைத்தபோது, ஒரு வினாவைக் கேட்டபோது, கிடைத்தது. இக்காலத்தில் தலைப்பைச் சொன்ன அளவிலே கட்டுரை முழுவதையும் இயற்றித் தரும் அறிவுப்பொறிகள் கைப்பேசியில் வந்துள்ளன. அவற்றை யாம் பழிக்கவில்லை. ஐயம் தீர்க்க அவை உதவும். ஆயினும் அவை பலர் முன்னர் எழுதியவற்றைக் கற்றுச் சொல்வன. உன் தாயின் கை குட்டை என்பதை நீ சொன்னாலன்றி அவை அறியமாட்டா.

இனி நம் குழுவில் நிகழ்ந்ததையும் மறைக்கலாகாது. அக்கட்டுரைக்கே முதற் பரிசு என்று யாம் கூறியபோது, ஓர் அன்பர் தயங்கினார். "நம் பிள்ளைகள் படித்து மேலே வரவேண்டும் என்று சங்கம் பாடுபடுகின்றது. பூக்கடையையும் கூலியையும் இதழில் எழுதினால் பிறர் நம்மவரை எவ்வாறு மதிப்பர்?" என்றார். அவர் தீய எண்ணத்தால் சொல்லவில்லை. தாம் இளமையிற் பட்ட அவமதிப்பை நினைந்தே சொன்னார். அவர்க்கு யாம் சொன்ன விடையை உங்கட்கும் சொல்லுகின்றோம். தாய் தந்தையர் தொழிலை மறைத்துப் பெறும் மதிப்பு, பிள்ளை உள்ளத்தில் ஓர் அச்சத்தையும் கூடவே வைக்கும். அவ்வச்சமே எழுதுகோலைத் தடுக்கின்றது. இல்லாத ஆற்றை எழுதச் செய்கின்றது. அச்சிறுமி நாளை எத்தொழிலுக்குப் போவாள் என்பது அவள் கல்வியைப் பொறுத்தது. அது உயரவே நாம் உழைக்கின்றோம். ஆயினும் எங்கிருந்து போகின்றாள் என்பதை அவள் நாணாமல் சொல்லக் கற்றாலன்றிப் போகுமிடத்திலும் அவள் தன் சொல்லைச் சொல்ல மாட்டாள். அவ்வன்பர் நெடுநேரம் வாளா இருந்து, "என் தாய் அவல் இடித்தவள்" என்று மட்டும் சொன்னார். பரிசு முடிவாயிற்று.

மாணவச் செல்வங்களே, உங்கட்குச் சில சொற்கள். எழுதத் தொடங்குமுன் ஒரே இடத்தில் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், அமர்ந்து காண்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அழகிது, பெரிது என்னும் சொற்களை அப்போது எழுதாதீர்கள்; எத்தனை, எந்நிறம், எவர் கை என்று எழுதுங்கள். பெரியோரிடம் ஒரு வினாவேனும் கேளுங்கள். வீட்டிலும் தொழிலிலும் வழங்கும் சொற்களை விட்டுவிடாதீர்கள். எழுத்துப் பிழையை நாங்கள் திருத்துவோம், சொல்லை நீங்களே கொணர்தல் வேண்டும். எழுதி முடித்தபின், எவரும் எழுதக்கூடிய முதல் வரியை அச்சிறுமிபோல் அடித்துவிடுங்கள். நல்ல நூல்களைப் படியுங்கள். பெயர்த்தெழுத அன்று, அவற்றை எழுதியவர் எதனை எவ்வாறு கண்டனர் என்று அறிய.

பெற்றோரே, பிள்ளை வினவும்போது, "இதெல்லாம் உனக்கெதற்கு, பாடத்தைப் படி" என்று சொல்லாதீர்கள். நீங்கள் விடை சொல்வதும் பாடமே. சங்கத்தார்க்கு எம் வேண்டுகோள் இரண்டு. வரும் ஆண்டுப் போட்டியில், 'எங்கள் வீட்டுத் தொழில்', 'எங்கள் தெருவில் ஒரு நாழிகை' போன்ற தலைப்புகளைத் தருக. முதியோர் சொல்லும் ஊர்க்கதைகளைச் சிறார் எழுதிவரின், அவற்றுள் நல்லனவற்றை நம் இதழில் வெளியிடுக.

ஒன்று சொல்லி அமைகின்றோம். கட்டுரையை வெளிப்படுத்த இசைவு கேட்க அத்தாயிடம் சென்றோம். அவர் படிக்கக் கல்லாதவர். மகளே அருகிருந்து படித்துக் காட்டினாள். தாய் நாரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். இறுதி வரியில் நகைத்துவிட்டு, "அந்த நாலு விரலை ஏன்டி எழுதினே? இனிமே எல்லாரும் கூட்டிக் கேப்பாங்களே!" என்றார். பின்பு எம்மை நோக்கி, "போடுங்க வாத்தியாரே, உள்ளதுதானே" என்றார்.

உள்ளதுதானே என்னும் அச்சொல்லை மாணவர் அனைவரும் நெஞ்சிற் கொள்வீர்களாக.